ஒளி சேர்க்கும் முற்றம்

காரைக்குடிப் பக்கத்துப் பழைய வீடு ஒன்றில், மழை பெய்யும்போது முற்றத்து ஓரமாக நின்று பார்த்திருக்கிறீர்களா? நாலு புறமும் உள்நோக்கிச் சரியும் ஓட்டுக்கூரை. ஒவ்வொரு ஓட்டின் மீதும் விழுவது சில துளிகள்தான். அவை ஒன்றோடொன்று சேர்ந்து, மூலைக் குழாய் வழியாகக் கொட்டும்போது அடியில் வைத்த அண்டா கொஞ்ச நேரத்தில் நிறைந்துவிடுகிறது. அதே மழையில் வாசலில் மறந்து வைத்த செம்பைப் போய்ப் பாருங்கள். அடியில் விரல்கனத் தண்ணீர்கூட இருக்காது. மழை இரண்டுக்கும் ஒன்றுதான். செம்புக்கு வாய் சிறியது. கூரைக்கு வாய் பெரியது. வறண்ட சீமையில் வீடு கட்டியவர்கள் இதை நன்றாக அறிந்திருந்தார்கள். அதனால்தான் கூரையில் விழும் தண்ணீருக்கு அண்டாவையும் ஊரில் விழும் தண்ணீருக்கு ஊருணியையும் வைத்தார்கள்.

தொலைநோக்கியைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

பள்ளிக்கூடத்திலோ மொட்டைமாடியிலோ தொலைநோக்கியை நிறுத்திவைத்தால் எல்லோரும் முதலில் கேட்பது, "இது எத்தனை மடங்கு பெரிசாக் காட்டும்?" என்றுதான். கேட்க வேண்டிய கேள்வி, "இதன் வாய் எவ்வளவு அகலம்?" என்பது. பெரிதாக்குவது சுலபம், கண் வைக்கும் பக்கத்தில் உள்ள சிறு லென்ஸை மாற்றினால் போதும். ஆனால் உள்ளே வந்து சேராத ஒளியை எந்த லென்ஸும் பெரிதாக்கிக் காட்ட முடியாது. வானத்திலிருந்து வரும் ஒளியும் மழை போலத்தான் விழுகிறது. தொலைதூர நட்சத்திரத்திலிருந்து வருவது மெல்லிய தூறல். நம் கண்ணின் பாவை நல்ல இருட்டில் முழுக்க விரிந்தாலும் 7 மில்லிமீட்டர்தான். அது செம்பு. 60 மில்லிமீட்டர் லென்ஸ் உள்ள ஒரு சிறு தொலைநோக்கி அதைப்போல் 70 மடங்குக்கு மேல் ஒளியைச் சேர்க்கும். ஏனென்றால் கணக்கு அகலத்தைப் பொறுத்ததல்ல, பரப்பைப் பொறுத்தது. அகலம் இரட்டித்தால் ஒளி நான்கு மடங்காகும். வாய் அகலமானால் இன்னொரு லாபமும் உண்டு. நெருங்கி நிற்கும் இரண்டு ஒளிப்புள்ளிகளைப் பிரித்துக் காட்டும் திறன் கூடுகிறது.

இந்த இரண்டாவது லாபத்தின் அருமை நம் கடற்கரையிலேயே ஒருமுறை வெளிப்பட்டது. 1689 டிசம்பரில் புதுச்சேரியில் இருந்த ழான் ரிஷோ என்ற இயேசு சபைப் பாதிரியார், ஒரு வால்நட்சத்திரத்தைத் தன் தொலைநோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தார். அது தெற்கு வானத்தின் ஆல்பா சென்டாரி நட்சத்திரத்துக்கு அருகில் வந்தபோது, வெறுங்கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் அந்த நட்சத்திரம் இரண்டாகப் பிரிந்து தெரிவதைக் கண்டார். சூரியனுக்கு அடுத்து நமக்கு மிக அருகில் இருக்கும் நட்சத்திரக் குடும்பம் அது. அதன் இரட்டைத் தன்மை கண்டறியப்பட்டது தமிழ் மண்ணில்தான் என்பதை நம் பாடப்புத்தகங்கள் சொல்வதில்லை. சொல்ல வேண்டும்.

ரிஷோவின் கருவி அப்போது 80 வயதே ஆன சாதனம். 1608 அக்டோபரில் ஹாலந்து நாட்டுக் கண்ணாடிக் கடைக்காரர் ஹான்ஸ் லிப்பர்ஷே, தூரத்துப் பொருளை அருகில் காட்டும் குழாய்க்கு உரிமை கேட்டு விண்ணப்பித்தார். மூக்குக்கண்ணாடி லென்ஸ் செய்பவரின் மேசையில் பிறந்த பொருள் அது. செய்தி கேள்விப்பட்ட கலிலியோ தன் கையாலேயே லென்ஸ் தேய்த்து, 1609 முடிவதற்குள் 20 மடங்கு காட்டும் கருவியைச் செய்துகொண்டார். 1610 ஜனவரியில் வியாழனைச் சுற்றும் நிலவுகளைப் பார்த்தார். இந்தக் கதை எல்லோருக்கும் தெரியும். அதில் நான் கோடிட்டுக் காட்ட விரும்புவது ஒரே சொல்லை: தேய்த்து. தொலைநோக்கியின் வரலாறு பெரும்பாலும் தேய்ப்பின் வரலாறு.

லென்ஸுக்கு இரண்டு சிக்கல்கள். ஒளி கண்ணாடிக்குள் புகுந்து வெளியே வரும்போது சிவப்பும் நீலமும் வெவ்வேறு அளவில் வளைகின்றன. பார்க்கும் பொருளைச் சுற்றி வண்ணக் கரை கட்டுகிறது. இருவகைக் கண்ணாடிகளைச் சேர்த்து இதைப் பெருமளவு சரிசெய்யும் வழி 18ஆம் நூற்றாண்டில் கிடைத்தது. இன்னொரு சிக்கலுக்கு வழியே இல்லை. ஒளி ஊடுருவ வேண்டும் என்பதால் லென்ஸை ஓரத்தில் மட்டும்தான் பிடிக்க முடியும். பெரிதாகப் பெரிதாக அது தன் எடையாலேயே நடுவில் தொய்கிறது. 1897இல் அமெரிக்காவின் யெர்க்ஸ் ஆய்வகத்தில் நிறுவப்பட்ட 102 சென்டிமீட்டர் லென்ஸோடு அந்தப் பாதை நின்றுபோனது.

லென்ஸுக்குப் பதிலாகக் குழியாடியை வைத்தால் இந்தத் தொல்லை கிடையாது. ஒளி முன்பக்கத்தில் பட்டுத் திரும்பிவிடுவதால், பின்பக்கம் முழுக்க முட்டுக்கொடுக்கலாம். அந்தக் காரைக்குடி வீட்டின் முற்றத்தைச் சுற்றி வரிசையாக நிற்கும் பர்மாத் தேக்குத் தூண்கள் கூரையைத் தாங்குகிற மாதிரி, ஆடியின் முதுகை எத்தனை இடத்தில் வேண்டுமானாலும் தாங்கிக்கொள்ளலாம். நியூட்டன் 1668இல் செய்த முதல் ஆடித் தொலைநோக்கி உள்ளங்கையில் வைக்கும் அளவுதான். ஆனால் இன்றைக்கு உலகில் உள்ள பெரிய ஒளியியல் தொலைநோக்கிகள் எல்லாமே அதன் வாரிசுகள்.

நியூட்டனின் ஆடி கண்ணாடியால் ஆனதல்ல, உலோகம். செம்பில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு வெள்ளீயம் சேர்த்தால் வெண்கலத்தின் நிறம் போய், வெள்ளைவெளேரென்ற உலோகம் கிடைக்கும். கண்ணாடி போலவே நொறுங்கும். மெருகேற்றினால் முகம் தெரியும். இது நமக்குப் புதிதல்ல. கேரளத்து ஆறன்முளையில் இன்றும் கைவினைஞர்கள் வார்த்துத் தேய்க்கும் உலோகக் கண்ணாடி ஏறக்குறைய இதே கலவைதான். அந்த ஆறன்முளைக் கண்ணாடியைத் தட்டையாகத் தேய்க்காமல் மெல்லக் குழிவாகத் தேய்த்திருந்தால் தொலைநோக்கி ஆடி. அவ்வளவு அருகில் இருந்தோம்.

இங்கிலாந்தில் வில்லியம் ஹெர்ஷல் என்ற இசைக்கலைஞர் வீட்டிலேயே இந்த உலோகத்தை வார்த்துத் தேய்த்தார். மெருகு ஏறும் நேரத்தில் கையை எடுத்தால் வடிவம் கெட்டுவிடும் என்று 16 மணி நேரம் ஒரே மூச்சாக வேலை செய்திருக்கிறார். தங்கை கரோலின் பக்கத்தில் நின்று வாயில் ஊட்டிவிடுவாராம். அப்படித் தேய்த்த 16 சென்டிமீட்டர் ஆடியில்தான் 1781இல் யுரேனஸ் கிரகத்தைக் கண்டார். கரோலினும் பின்னாளில் எட்டு வால்நட்சத்திரங்களைக் கண்டுபிடித்தார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

உலோகம் சீக்கிரம் கறுத்துவிடும். கறுத்தால் மறுபடி தேய்க்க வேண்டும். தேய்த்தால் வடிவம் போய்விடும். இந்த முடிச்சை அவிழ்த்தது வேதியியல். மேல்நிலைப் பள்ளி ஆய்வகத்தில் வெள்ளி ஆடிச் சோதனை செய்தவர்களுக்கு அந்த நிமிடம் நினைவிருக்கும். அம்மோனியா கலந்த வெள்ளி நைட்ரேட் கரைசலில் குளுக்கோஸைச் சேர்த்து வெந்நீரில் வைத்தால், சோதனைக் குழாயின் உள்சுவரில் பளபளவென்று வெள்ளி படிந்து, குழாயே கண்ணாடியாக மாறும். 1850களில் ஜெர்மனியில் ஸ்டைன்ஹைலும் பிரான்சில் ஃபூக்கோவும் இந்த வித்தையைத்தான் தொலைநோக்கிக்குக் கொண்டுவந்தார்கள். கண்ணாடியைத் தேய்த்து வடிவம் கொடுத்துவிட்டு, மேலே வெள்ளிப் படலம் ஏற்றினார்கள். வெள்ளி கறுத்தால் அமிலத்தில் கழுவிவிட்டுப் புதிதாகப் பூசிக்கொள்ளலாம். அடியில் உள்ள வடிவம் அப்படியே இருக்கும். 1930களிலிருந்து வெற்றிடத்தில் அலுமினியத்தை ஆவியாக்கிப் படியவைக்கிறார்கள். டன் கணக்கில் கண்ணாடி இருந்தாலும் ஒளியைத் திருப்பி அனுப்பும் வேலையைச் செய்வது, மேலே உள்ள சில கிராம் உலோகம்தான்.

இனி அந்தத் தேய்ப்பைக் கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம்.

பழைய செட்டிநாட்டு வீட்டுச் சுவரைக் கையால் தடவிப் பாருங்கள். நூறு வருடத்துக்கு முன் பூசிய சுண்ணாம்பு, இன்றும் பீங்கான் போல வழுக்கும். அடியில் கரடான சாந்து. அதன்மேல் கொஞ்சம் நைசான பூச்சு. அதற்கும் மேல் இன்னும் நைசாக அரைத்தது. கடைசியில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்த வெண்பூச்சு. பிறகு வழவழப்பான கல்லால் பொறுமையாகத் தேய்ப்பு. ஒவ்வொரு பூச்சும் முந்தையதைவிட மென்மையானது. ஒரு படியைத் தாண்டிக் குதித்தால் மெருகு வராது.

தொலைநோக்கி ஆடி செய்யும் முறையும் இதுவே. சம அளவுள்ள இரண்டு கண்ணாடி வட்டுகள். கீழ் வட்டின் மேல் கார்போரண்டம் என்ற தேய்ப்புத் தூளும் தண்ணீரும். மேல் வட்டை வைத்து முன்னும் பின்னுமாகத் தேய்க்க வேண்டும். சில தேய்ப்புக்கு ஒருமுறை மேல் வட்டைக் கொஞ்சம் திருப்ப வேண்டும். மேசையைச் சுற்றி நாமும் ஓரடி நகர வேண்டும். முதல் நாள் ரவை மாதிரியான தூள். அடுத்தடுத்து மாவு மாதிரி, பிறகு கண்மை மாதிரி. ஒரு வட்டு இன்னொன்றின் ஓரத்தைத் தாண்டி நிற்கும்போது மேல் வட்டின் நடுப்பகுதியும் கீழ் வட்டின் விளிம்பும் அதிகம் தேய்கின்றன. யாரும் வளைவை வரைந்து கொடுக்காமலே மேல் வட்டு குழிகிறது, கீழ் வட்டு குவிகிறது. எந்தப் பக்கம் நகர்த்தினாலும், எப்படித் திருப்பினாலும், முழுக்க ஒட்டி உட்காரக்கூடிய குழிவான பரப்பு ஒன்றே ஒன்றுதான் — கோளத்தின் பரப்பு. அதனால் கை தடுமாறினாலும் தவறுகள் ஒன்றையொன்று அழித்துக்கொண்டு, கோளம் தானாகப் பிறக்கிறது. இந்த அழகுக்காகவே ஒவ்வொரு பள்ளியிலும் ஒரு ஆடியாவது தேய்க்கப்பட வேண்டும் என்பேன்.

15 சென்டிமீட்டர் அகலமும் 120 சென்டிமீட்டர் குவியத் தூரமும் உள்ள ஆடியை எடுத்துக்கொள்வோம். அத்தனை நாள் தேய்த்து உண்டாகும் குழியின் ஆழம் 1.2 மில்லிமீட்டர்தான். அதற்குப் பிறகு, கீல் பூசிய வட்டின் மேல் மிக நுண்ணிய மெருகுத் தூளை வைத்துத் தேய்த்துப் பளபளப்பாக்க வேண்டும். கடைசி வேலை, கோளத்தைப் பரவளையமாக மாற்றுவது. கோளம் எல்லா ஒளியையும் சரியாக ஒரே புள்ளிக்கு அனுப்பாது; பரவளையம் அனுப்பும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் விளிம்பில் ஒரு மில்லிமீட்டரில் 3,500இல் ஒரு பங்கு. மேற்பரப்பில் எங்கும் மேடுபள்ளம் ஒளியின் அலைநீளத்தில் எட்டில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. தலைமுடி ஒன்றின் தடிப்பில் அது ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு.

இவ்வளவு சின்னத் தவறை எப்படிக் கண்டுபிடிப்பது? ஃபூக்கோ 1858இல் சொன்ன வழிக்கு வேண்டியது ஒரு ஊசித்துளை விளக்கும் ஒரு சவரப் பிளேடும். ஆடியிலிருந்து திரும்பி வரும் ஒளி கூடும் இடத்தில் பிளேடின் விளிம்பை மெல்ல நகர்த்த வேண்டும். பரப்பின் மேடுபள்ளங்கள் மாலை வெயிலில் மணல்மேடு தெரிவது போல நிழலும் வெளிச்சமுமாக எழுந்து நிற்கும். இந்தச் சோதனையின்போது ஆடியின் மேல் கட்டைவிரலைச் சில விநாடி அழுத்திவிட்டு எடுத்துப் பாருங்கள். விரல் சூட்டில் கண்ணாடி வீங்கி, அந்த இடத்தில் ஒரு குன்று முளைத்திருக்கும். சில நிமிடங்களில் அது மெல்லத் தணிந்து மறையும். கண்ணாடி என்ற கெட்டியான பொருள் மூச்சு விடுவதைக் கண்ணால் பார்த்த மாதிரி இருக்கும். இதனால்தான் ஒருமுறை தேய்த்தபின் ஆடியை ஆறவிட்டு மறுநாள்தான் சோதிப்பார்கள்.

சென்னைக்கு வருவோம். 1786இல் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி வில்லியம் பெட்ரி தன் எழும்பூர் வீட்டில் தொடங்கிய சிறு ஆய்வகம், 1792இல் நுங்கம்பாக்கத்தில் மெட்ராஸ் வானாய்வகமாக வளர்ந்தது. கம்பெனிக்கு வேண்டியது நிலஅளவையும் கப்பலோட்டமும்தான். வானம் அதற்கான கருவி. அங்கே கருவியைத் தாங்குவதற்காக நிறுத்திய 15 அடிக் கருங்கல் தூண், தமிழ் உட்படப் பல மொழிக் கல்வெட்டோடு, வானிலை மைய வளாகத்தில் இன்றும் நிற்கிறது. அதே ஆய்வகத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867இல் ஆர் ரெட்டிகுலி என்ற ஒளிமாறும் நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தார். 1874இல் வெள்ளி கிரகம் சூரியனைக் கடக்கப்போவதைப் பொதுமக்களுக்கு விளக்க, இந்திய மொழிகளில் சிறுநூல் வெளியிட்டார். அறிவியலை மக்கள் மொழியில் எழுதுகிற எவருக்கும் அவர் முன்னோடி. 1899இல் சூரிய ஆய்வு கொடைக்கானல் மலைக்குப் போனது. சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை ஜான் எவர்ஷெட் 1909இல் அங்கேதான் கண்டார்.

ஆனாலும் இந்தக் கருவிகள் எல்லாம் கப்பலில் வந்தவை. அந்த நிலையை மாற்றியே ஆக வேண்டும் என்று பிடிவாதமாக நின்றவர் வைணு பாப்பு. 1927இல் சென்னையில் பிறந்தவர். ஹார்வர்டில் படிக்கும்போதே 1949இல் ஒரு வால்நட்சத்திரத்தைக் கண்டு, அதன் பெயரில் தன் பெயரும் சேரப் பெற்றவர். 1960இல் கொடைக்கானலுக்கு இயக்குநராக வந்ததும் இரவு வானத்துக்கு ஏற்ற இடம் தேடி அலைந்து, ஜவ்வாது மலையில் காவலூரைத் தேர்ந்தெடுத்தார். கடல்மட்டத்துக்கு மேல் 725 மீட்டர். பூமத்திய ரேகைக்கு அருகே என்பதால் வடவானம், தென்வானம் இரண்டும் கிடைக்கும். 1968இல் அங்கே முதன்முதலில் வானம் பார்த்தது, கொடைக்கானல் பணிமனையிலேயே செய்த 38 சென்டிமீட்டர் தொலைநோக்கி. 1972இல் ஜெர்மனியின் கார்ல் ஸைஸ் நிறுவனத்தின் 102 சென்டிமீட்டர் கருவி வந்தது. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைத்தபோது, அந்த நட்சத்திர ஒளி முன்கூட்டியே விட்டுவிட்டு மங்கியதைப் பதிவுசெய்த தொலைநோக்கிகளில் அதுவும் ஒன்று. யுரேனஸுக்கு வளையங்கள் உண்டு என்று உலகம் அறிந்தது அப்படித்தான்.

பாப்புவுக்கு அது போதவில்லை. 2.34 மீட்டர் ஆடியுடன் ஒரு பெரிய தொலைநோக்கியை இந்தியாவிலேயே செய்யத் துணிந்தார். கண்ணாடி வட்டு வெளியிலிருந்து வந்தது. தேய்த்ததும் மெருகேற்றியதும் ஏ. பி. ஜெயராஜன் தலைமையில் பெங்களூரு இந்திய வான்இயற்பியல் நிறுவனத்து ஒளியியல் கூடம். இந்த ஆடியின் நடுக்குழி ஏறத்தாழ நாலரை சென்டிமீட்டர். கோளத்துக்கும் பரவளையத்துக்கும் உள்ள வித்தியாசம் விளிம்பில் ஒரு முடியின் தடிப்பு. அந்த ஒரு முடித் தடிப்பை, மூன்று டன்னுக்கு மேல் எடையுள்ள கண்ணாடியில், அலைநீளக் கணக்கில் பிசகாமல் எடுக்க வேண்டும். கொஞ்சம் குறைவாக எடுத்தால் மறுபடி தேய்க்கலாம். அதிகமாக எடுத்துவிட்டால் திரும்பி ஒட்டவைக்க வழியில்லை; பரப்பு முழுவதையும் மீண்டும் கீழே இறக்க வேண்டும். அதனால் மாதக்கணக்கில் தேய்ப்பு, ஆறவிடல், சோதனை, மறுபடி தேய்ப்பு.

இது எவ்வளவு கடினம் என்பதற்கு ஒரு சாட்சி: 1990இல் விண்ணுக்குப் போன ஹபிள் தொலைநோக்கியும் கிட்டத்தட்ட இதே அளவு, 2.4 மீட்டர். உலகின் செல்வம் மிகுந்த நாட்டில், நவீன எந்திரங்களால் செய்தது. சோதனைக் கருவியில் ஒரு லென்ஸ் இடம் தவறியதால் அதன் ஆடியின் விளிம்பு 2 மைக்ரானுக்குச் சற்று அதிகமாகத் தேய்ந்துவிட்டது. படங்கள் மங்கின. 1993இல் விண்வெளிக்கே ஆட்களை அனுப்பித் திருத்து ஒளியியலைப் பொருத்தினார்கள். காவலூர் ஆடியைத் தேய்த்த கைகளுக்கு நாம் தர வேண்டிய மரியாதையை இதிலிருந்து கணக்கிட்டுக்கொள்ளலாம்.

பாப்பு அந்தத் தொலைநோக்கியில் பார்க்கவில்லை. 1982 ஆகஸ்டில் மியூனிக் நகரில் இதய அறுவைச் சிகிச்சைக்குப் பின் 55 வயதில் காலமானார். 1986 ஜனவரி 6 அன்று பிரதமர் ராஜீவ் காந்தி தொலைநோக்கிக்கும் ஆய்வகத்துக்கும் அவர் பெயரைச் சூட்டினார். இரவில் ஒரே பார்வையில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட மனிதக் கண்கள் சேர்க்கும் ஒளியை அந்த ஆடி சேர்க்கிறது. அது ஊருணி.

காரைக்குடியிலிருந்து காவலூர் தூரம்தான். ஆனால் நம் மொட்டைமாடி பக்கத்தில் இருக்கிறது. 60 மில்லிமீட்டர் தொலைநோக்கி பல பள்ளிகளில் பீரோவுக்குள் இருக்கிறது. அதை வெளியே எடுங்கள். சூரியன் பக்கம் மட்டும் ஒருபோதும் திருப்பாதீர்கள். ஒரு கணத்தில் கண் போய்விடும். மே மாத நடுவில், இரவு 11 மணி வாக்கில், தெற்கு அடிவானத்துக்கு மேல் இருபது பாகை உயரத்துக்குள் பாருங்கள். பிரகாசமான இரண்டு நட்சத்திரங்கள் பக்கம் பக்கமாக நிற்கும். இடதுபுறம் இருப்பது ஆல்பா சென்டாரி. அதன் ஒளி கிளம்பி நாலு வருடத்துக்கு மேலாகிறது. குழாயை அதன்மேல் நிறுத்தி, நூறு மடங்கு அளவில் வைத்து, ஆட்டம் அடங்கும்வரை காத்திருங்கள். 1689இல் புதுச்சேரியில் ரிஷோ பார்த்தது உங்களுக்கும் தெரியும்: ஒன்றல்ல, இரண்டு.